தேய்க்காமல் விட்ட வயல்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிற அண்ணி எங்கேயாவது உண்டா என்று கேட்பார்கள். இதோ நான் இருக்கிறேன். நாலு என்ன, பொழுது விடிந்து பொழுது போகும்வரை சொல்வேன். நடுநடுவே அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் ரெண்டு வசவும் விழும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வசவு என் வாய்ப்பழக்கம்.

எங்களுடையது அடிபட்ட கார்களைச் சரிசெய்கிற பட்டறை. தகரக் கூரை, சுவரெல்லாம் பல கலர் தெறிப்பு, மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர். என் வீட்டுக்காரர் நசுங்கின தகட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார். அவர் தங்கை அதன்மேல் பட்டி போடுவாள். பட்டி என்றால் மிச்சமிருக்கிற பள்ளத்தை நிரப்புகிற பசை. உள்ளங்கை அகலத் தகடு ஒன்றால் அள்ளி, இழுத்துப் பூச வேண்டும், கொஞ்ச நேரத்தில் கல்லாய் இறுகிவிடும். இறுகியதைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவது மறுபடியும் என் வீட்டுக்காரர். கடைசியாக அவள் பெயின்ட் அடிப்பாள். நான் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து போன் எடுப்பேன், பில் போடுவேன், சண்டை வந்தால் முதல் ஆளாய் எழுந்து நிற்பேன்.

என் நாத்தனாரை ஊரே 'பாலிஷ்' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே மறந்திருக்கும். அவள் கை பட்ட கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு வழவழப்பு. நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவித் துருவிக் கேட்டால், "எனக்கேத்த ஷேடு இன்னும் கம்பெனிலேருந்து வரல" என்பாள். கேட்டவர் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த கார் வெளியே போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிபட்ட இடத்தின்மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவார். கம்ப்ரஸரை அப்போது நிறுத்திவிட வேண்டும், யாரும் மூச்சு விடக் கூடாது. கையில் ஒன்றும் தட்டுப்படாவிட்டால் கார் போகலாம். துளி மேடு தட்டினாலும் மறுபடி முதலிலிருந்து. "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது. வேலை செஞ்ச கை வெளிய தெரியவே கூடாது" என்பார். இது அவருக்கு வேதவாக்கு.

இடது கைக்காரியான பாலிஷிடம் அவருக்கு இருந்த ஒரே குறை, அவள் பட்டி போடும்போது விடுகிற வால். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மணிக்கட்டைச் சட்டென்று திருப்பித் தகட்டைத் தூக்குவாள். தூக்கிய இடத்தில் பசை ஒரு சின்ன வால்போல மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். "உன் வாலை ஒட்ட நறுக்கவே என் ஆயுசுல பாதி போகுது" என்று புலம்பிக்கொண்டே உட்கார்ந்து தேய்ப்பார். அவளும் மாற்றிக்கொள்ளப் பார்த்தாள். பிறவிக் குணம், போகவில்லை.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு வாடிக்கையாளரால். கார் எடுக்க வந்த மனுஷன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, "எந்தக் கதவுல அடிபட்டுதுன்னே தெரியலையே. நீங்க வேலை செஞ்சீங்களா, இல்ல சும்மா கழுவி நிறுத்திட்டீங்களா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ஏன் சார், சோறு நல்லா வெந்திருந்தா அடுப்பே பத்த வைக்கலன்னு சொல்லுவீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கோ வாயெல்லாம் பல். "இதைவிட ஒரு சர்ட்டிபிகேட் வேணுமா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பாலிஷ் மட்டும் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய்க் கைகழுவ ஆரம்பித்தவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். "அந்த ஆளு கிடக்கான், விடு" என்றேன்.

"அவர் சொன்னதுல தப்பில்ல அண்ணி" என்றாள். "நான் நல்லா செஞ்சா நான் செஞ்சதே தெரியாது. தெரிஞ்சா நான் சரியா செய்யலைன்னு அர்த்தம். இந்த ஊர்ல ஓடற பாதி கார்ல என் கை இருக்கு. ஒருத்தராவது 'இது அவ கை'ன்னு சொல்லுவாங்களா? செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவை அதைக் கேட்டுடணும் அண்ணி. என் அண்ணன் வாயால கேட்டா இன்னும் நல்லா இருக்கும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குழாயை மூடிவிட்டு என் முந்தானையை நீட்டினேன், அதில் கை துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே நூலகத்து மாடியில் நடக்கிற ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். டீச்சர் நேற்றுப் பிறந்த பெண். பாலிஷுக்கு மகளாக இருக்கலாம். தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் ஒட்டியிருக்கும். அந்தப் பெண் சொல்லித்தந்தது இம்ப்ரெஷனிஸ்ட் பாணியாம். பொருளை வரையாதே, பொருள்மேல் விழுகிற வெளிச்சத்தை வரை என்பதுதான் அதன் சாரம். "வெளிச்சத்த எப்படிம்மா வரையறது? ஸ்விட்ச வரைவாங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பே ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைக்குப் போகும். எதிரே பெரிய வயல், அதன் முடிவில் வரிசையாய் மரங்கள், அதற்கப்பால் வானம். எல்லோருக்கும் அதே வயல்தான். முதல் நாள் பாலிஷ் என்ன செய்தாள் தெரியுமா? பலகை முழுக்க வானத்து நீலத்தைப் பூசிக் காயவைத்து, வானமும் வயலும் சேர்கிற கோட்டில் குறுக்கே மாஸ்கிங் டேப்பை ஒட்டினாள்! பெயின்ட் படாமலிருக்கக் கார் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவோமே, அதேதான். பிறகு வயலின் பச்சையை உற்றுப் பார்த்து, அச்சு அசலாய் அதே பச்சையைக் கலக்கி, கீழ்ப்பாதி முழுக்க ஒரே சீராகப் பூசினாள். டேப்பை உரித்தாள். கத்தியால் வெட்டின மாதிரி மேலே நீலம், கீழே பச்சை.

டீச்சர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, நல்ல கதவு" என்றாளாம். "இப்ப கண்ணைப் பாதி மூடிட்டு வயலப் பாருங்க. ஒரே பச்சையா இருக்கு?"

வீட்டுக்கு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கதவாம்! இனிமே போகமாட்டேன்" என்றாள். அன்று சாயங்காலம் பார்த்தால் வாசல்படியில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். "அண்ணி, அந்த வெள்ளச் சுவத்துல வெள்ளையே இல்ல. நிழல் ஊதாவா இருக்கு, பாருங்க" என்றாள். நானும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எனக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. மூன்றாம் தடவை பார்த்தபோது, ஐயோ, ஆமாம், ஊதா!

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நிழலுக்குக் கறுப்பை எடுப்பதை விட்டாள். ரெண்டு கலரைக் குழைத்து ஒன்றாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தள்ளி நின்று பார்க்கிறவன் கண்ணே அதைக் கலக்கிக்கொள்ளும் என்று கண்டுகொண்டாள். எல்லாம் சரிதான், கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு தீற்று வைத்தால் உடனே அதன் ஓரத்தைத் தடவித் தடவிச் சமமாக்கிவிடும். "அக்கா, வெச்ச கைய எடுத்துடுங்க, திரும்பிப் போகாதீங்க" என்று டீச்சர் கத்திக்கொண்டே இருப்பாளாம். வருஷக்கணக்காய் மேடு தெரியாமல் பூசிய கை. போகாதே என்றால் நிற்குமா?

ஒரு ஞாயிறு காலை எரிச்சலில் பிரஷ்ஷை வாய்க்காலில் விட்டெறிந்தாள். அது மிதந்து போயே போய்விட்டது. வேறு பிரஷ் கொண்டுவரவில்லை. வேலைச்சட்டைப் பையில் கையை விட்டால் பட்டி போடுகிற தகடு இருந்தது. அதை எடுத்து, பெயின்ட்டைக் கெட்டியாய் அள்ளி, பலகையில் இழுத்தாள். இழுப்பின் முடிவில் மணிக்கட்டு தன்பாட்டுக்குத் திரும்பியது. தகட்டைப் பிடித்ததும் கைக்குத் தன் வீடு வந்துவிட்டது. டீச்சர் பின்னால் வந்து நின்றாள். "அக்கா, இதையே பிடிச்சுக்கோங்க" என்றாளாம்.

வகுப்பு முடியும்போது நூலகத்துக் கூடத்தில் எல்லோர் படத்தையும் மாட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பல ஞாயிறுகள் உட்கார்ந்து ஒரு படத்தை முடித்தாள். பிளைவுட் பலகையில் காலை நேரத்து வயல். பட்டறைக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்து, "அண்ணி, பாருங்க" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். குழந்தை சாப்பிட்டு முடித்த தட்டு மாதிரி இருந்தது. அவள் என் தோளைப் பிடித்துப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனாள். கம்ப்ரஸர் முதுகில் இடிக்கிற தூரத்துக்கு வந்ததும் அத்தனை திட்டும் தீற்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது. காற்று அடித்து வயல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துகொண்டிருந்தது. "அடிப் பாவி, இத்தனை நாளா இதை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். சந்தோஷம் வந்தால் எனக்குக் கை நீளும்.

நன்றாகக் காயட்டும் என்று படத்தை ரெண்டு நாள் பட்டறையிலேயே விட்டோம், மூன்றாம் நாள் நாங்கள் ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். அதுதான் நாங்கள் செய்த வினை.

சாயங்காலம் திரும்பி வந்தால் என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு, முகமெல்லாம் வெளிச்சமாய் வாசலில் நிற்கிறார். "ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு வாங்க" என்றார். கம்ப்ரஸரை நிறுத்தினார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் எதன்மேலோ வைத்தார். "தடவிப் பாரு. ஏதாவது தட்டுதா?"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். படத்தை உப்புத்தாளால் தேய்த்து, மேலே பளபளப்புக்குக் கிளியர் கோட்டும் அடித்து வைத்திருந்தார் மனுஷன்! மேடெல்லாம் போய், காற்றும் போய், கலங்கின குட்டைமாதிரி ஒரு பச்சை மஞ்சள் பலகை பளபள என்று மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது.

பாலிஷ் கண்ணை மூடியபடியே உள்ளங்கையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓட்டினாள். "ஒண்ணும் தட்டலண்ணா" என்றாள்.

"எப்படித் தட்டும்? நான் தேய்ச்சதாச்சே! பட்டி போட்டு அப்படியே கரடுமுரடா விட்டிருந்த. நாலு பேர் வந்து பார்க்கற இடம். நம்ம வீட்டு வேலை இப்படிப் போலாமா?"

"நல்லா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் கைகழுவப் போய்விட்டாள்.

நான் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, உங்க மூளையையும் இப்படித்தான் தேய்ச்சு வெச்சிருக்கீங்களா? எதுவும் ஒட்டாம வழுக்கிட்டுப் போகுதே! அந்த மேடுதாங்க படம். அவ இத்தனை மாசமா கத்துக்கிட்டது அந்த மேட்டத்தான்!" பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அவருக்கு விளக்க விளக்க அவர் முகம் சுண்டிப்போனது. முன்பு ஸ்விட்ச் என்று அவர் கேலி செய்ததில்தான் எனக்குக் கோபமே தவிர, இதில் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. பாசத்தில் செய்த பாழ் அது. அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. அவள் பட்டி போடுவாள், அவர் தேய்ப்பார். ஒருநாள் ஒரு காரின் மூக்குப் பக்கம் அவள் போட்டு முடித்த பட்டியின் முன்னால், கையில் உப்புத்தாளோடு, தேய்க்காமல் அப்படியே குந்தியிருந்தார். தங்கை கோபித்துக்கொண்டதை நினைத்து மருகுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேற ஒண்ணு வரைய முடியுமா அக்கா? படம் மாட்ட இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்றாள். "இத்தனை ஞாயிறு செஞ்சத இனிமே எப்போ செய்யறது?" என்று பாலிஷ் படுத்துக்கொண்டாள். கதிர் முற்றி வயல் மஞ்சளாகிவிட்டது, பக்கத்து நிலத்தில் அறுவடை மிஷின் இறங்கிவிட்டது என்று யாரோ வந்து வேறு சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் போர்வையை உருவினேன். "எழுந்திருடி. வண்டில ஏறு."

"அண்ணி, ஒரு காலைல முடியற வேலையா அது?"

"முடியலைன்னா என் மூஞ்சில பூசு. ஏறுன்னா ஏறு!"

பட்டறை வேனில் பலகையையும் பெயின்ட்டையும் போட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். கரைக்குப் போய் இறங்கினால், பாலிஷ் வரைந்த வயலின் ஓரத்தில் சிவப்பாய்ப் பூதம்போல அறுவடை மிஷின் நிற்கிறது. ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. "போச்சு அண்ணி" என்றாள் பாலிஷ்.

நான் வரப்பில் ஓடினேன். விழுந்தடித்து ஓடி மிஷின் முன்னால் போய் ரெண்டு கையையும் விரித்து நின்றேன். "ஏம்மா, சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினார் டிரைவர். "என் நாத்தனார் படம் வரையணும், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேல பாத்தியா? மழை வர்றதுக்குள்ள முடிக்கணும். நிக்கல்லாம் முடியாது" என்றார். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "வேணும்னா அந்தக் கோடிலேருந்து ஆரம்பிக்கறேன். உங்க பக்கம் வர்றதுக்குள்ள வரைஞ்சுக்கங்க" என்றார். நல்ல மனுஷர்.

அன்று காலை பாலிஷ் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூரத்து ஓரத்திலிருந்து மிஷின் வயலைத் தின்றுகொண்டே வருகிறது. இவள் அதைப் பார்க்கிறாள், தகட்டால் அள்ளுகிறாள், இழுக்கிறாள், தூக்குகிறாள். தடவிச் சமமாக்க நேரமில்லை. திரும்பிப் போக நேரமில்லை. பறக்கிற தூசியை ரோஜா நிறத்திலும் ஊதாவிலும் வைத்தாள். மழைமேகத்துக்கு என்னென்னவோ வைத்தாள், சாம்பல் மட்டும் வைக்கவில்லை. நிற்கிற கதிருக்கு மஞ்சளை அள்ளி அள்ளி இழுத்தாள். காற்றில் பலகை ஆடாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன், என் தலையிலும் முழங்கையிலும் வயல் ஒட்டிக்கொண்டது.

மிஷின் கரையோரம் வந்து நின்றபோது அவள் தகட்டைத் துடைத்துப் பையில் போட்டாள். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். "என் வண்டி எங்க?" என்றார். அவள் தூசிக்கு நடுவே ஒரு சிவப்புத் தீற்றைக் காட்டினாள். அவர் பின்னால் பின்னால் நடந்து, தலையைச் சாய்த்து, "அட, ஆமா! ஓடிட்டிருக்கு!" என்றார். முதல் தூறல் விழுந்தது. படத்தை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக நூலகத்துக்கே போய்விட்டோம். பட்டறைப் பக்கம் கொண்டுபோக எங்களுக்கு என்ன பைத்தியமா?

மாட்டுகிற நாளில் படத்துக்குக் கீழே பெயர் போட மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். ஆளைப் பார்த்துப் பாராட்டிவிடுகிறார்களாம், மறுநாள்தான் பெயர்ச்சீட்டு. பாலிஷ் என்னைத் தனியாக இழுத்தாள். "அண்ணி, எது என் படம்னு அண்ணன்கிட்ட நீங்க மூச்சு விடக் கூடாது. கண்ணைக் கூடக் காட்டக் கூடாது. சொல்லிக் கொடுத்துத் தெரிஞ்சா அது எனக்கு வேணாம்." சரி என்றேன். சொல்வது சுலபம். என் வாய்க்கு அது என்ன தண்டனை என்று அவளுக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கூடம் முழுக்க அமைதி. நாலு சுவரிலும் படங்கள், அதில் பாதிக்குமேல் அதே வாய்க்கால், அதே மரங்கள், அதே வயல். பச்சை வயல், மஞ்சள் வயல், சாயங்கால வயல். பாலிஷ் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

அவர் ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். இலை இலையாய் எண்ணலாம்போல யாரோ வழவழப்பாய் வரைந்த ஒரு வயலுக்கு முன்னால் நின்றார். நின்றார் என்றால், நகரவே இல்லை. 'யோவ், அது இல்லய்யா!' என்று தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடியில் பாலிஷ் இதையெல்லாம் பார்க்கிறாள் என்பது அவள் தோள் தொங்கியதிலேயே தெரிந்தது.

"நல்லா தேய்ச்சிருக்காங்க" என்று முனகிவிட்டு அவர் நகர்ந்தார்.

அடுத்தது. அதற்கடுத்தது. அவளுடைய படத்துக்கு முன்னால் வந்தார். மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போனார். பின்னால் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து முன்னால் வந்தது. "சார், தொடாதீங்க!" என்று நூலகத்துக் காவலாளி ஓடிவந்தார். இவர் கையை இழுத்துக்கொண்டார். பட்டறையில் செய்வதுபோலக் கண்ணை இறுக மூடினார். படத்துக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, காற்றிலேயே உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார். ஓட்டின கை ஓரிடத்தில் நின்றது. மணிக்கட்டு சட்டென்று திரும்பி மேலே தூக்கியது.

கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின குரல் அவருடையது. அந்த அமைதியான கூடத்தில் இடி இடித்த மாதிரி கேட்டது. "இது என் தங்கச்சி கை!"

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் கிட்டே வந்து, "எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"இந்த வாலப் பாரும்மா. இதோ, இங்க, இங்கயும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒண்ணு. வேற யாருக்கும் இது வராது. இத்தனை வருஷமா தினமும் உக்காந்து இதைத் தேய்ச்சு அழிச்சவனே நான்தான். எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?" சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் உடைந்துவிட்டது. "இவ்வளவு அழகாவா இருந்துச்சு இது?" என்றார்.

பாலிஷ் ஜன்னலை விட்டு வந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர், துடைக்கக்கூட இல்லை. அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, "தொட்டுப் பாரேண்ணா. என்னோடதுதான், நான் சொல்றேன்" என்றாள். காவலாளி வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தபடியே, விரல் நுனியால், அந்தச் சிவப்புத் தீற்றின் வாலை ஒரே ஒரு தடவை தொட்டார். "தட்டுது" என்றார்.

அப்போது நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அதுவரை அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சேர்த்து, வந்தவர் போனவர் எல்லோரிடமும் 'என் நாத்தனார், என் நாத்தனார்' என்று சொல்லித் தீர்த்தேன். அந்த நூலகத்தில் அவ்வளவு சத்தம் அதற்குமுன் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் பட்டறைக்கு வந்தால் என் மேஜைக்குமேல் சுவரில் ஒரு பழைய கார்க்கதவு மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். பாலிஷ் பட்டி போட்டது, இழுப்புக்கு ஒரு வாலாக அப்படியே இறுகிக் கிடக்கும். மாட்டினவர் என் வீட்டுக்காரர். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இந்தக் கதவு வேலை இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள்.

"அது முடிஞ்ச வேலை சார்" என்பார் அவர்.